கரிசல் கடலில் ஒரு தீவு

விடுமுறை வந்துவிட்டால் நம் சிநேகிதர்கள் தீவுகளைத் தேடிப் புறப்பட்டு விடுகிறார்கள். அந்தமான், இலங்கை, மாலத்தீவு என்று போய் வந்தவர்களைச் சந்தித்தால் மூன்று விஷயங்களை விஸ்தாரமாகச் சொல்லுவார்கள்: எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்த வண்டியை என்ன வாடகைக்கு அமர்த்தினார்கள் என்பவைதாம் அவை. "பார்த்தது என்ன?" என்று கேட்டால் சற்றே யோசிப்பார்கள்.

நாமும் ஒரு தீவுக்குப் போய் வந்தோம். அதற்குக் கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கி, சங்கரன்கோவில் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் போதும். ஐப்பசி மழைக்குப் பிறகு உளுந்தும் பாசியும் பருத்தியும் தழைத்து அந்தக் கரிசல் பூமி பச்சைக் கடலாகக் காட்சி தரும். கோடையிலோ கறுத்து, வெடித்து, அலை உறைந்த கடலாகக் கிடக்கும். அதன் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது கழுகுமலை.

முதலில் வண்டி விஷயத்தைச் சொல்லி விடுவோம். அதில்தான் நாம் ஏமாந்தோம். முதல் தடவை போனபோது குடும்ப சகிதமாக ஒரு வாடகைக் கார் அமர்த்தினோம். மணிக் கணக்கில் வாடகை. போகிற வழியெல்லாம் நம் கண் கரிசலைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தது. மலையடிவாரம் சேர்ந்தபோது நடுப்பகல். முருகன் கோயிலில் நடை சாத்தியிருந்தார்கள். "மேலே போனாலும் வெறும் பாறைதான், ஸார்! சீக்கிரம் வந்துவிடுங்கள்" என்று டிரைவர் அபிப்பிராயம் சொன்னார். பாதி ஏறுவதற்குள் பாறை அனலாய்க் கொதித்தது. குழந்தைகள் அழுதார்கள். திரும்பிவிட்டோம். காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்த பிறகு, நாம் பார்த்த ஒரே சிற்பம் அந்த டிரைவரின் முகந்தான்!

ஆகையால் வாசகர்களுக்குச் சொல்லுகிறோம்: கார் வேண்டுமானால் நாள் வாடகையாகப் பேசுங்கள். எத்தனை கிலோமீட்டர் வரை, அதற்கு மேல் என்ன, டிரைவர் பேட்டா எவ்வளவு என்பதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே தீர்த்துக் கொள்ளுங்கள். இதெல்லாம் வேண்டாமென்றால், கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவில் போகும் பஸ் இருக்கவே இருக்கிறது. அது நம்மை அவசரப்படுத்தாது. இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விடும்.

இரண்டாம் தடவை அப்படித்தான் போனோம். ஜாகையைக் கோவில்பட்டியில் வைத்துக் கொண்டோம். கழுகுமலை சிறிய ஊர். பங்குனி உத்திரம், கந்த சஷ்டி போன்ற நாட்களில் அங்கே இடம் கிடைக்குமென்று நம்பிப் போவது புத்திசாலித்தனமல்ல. கோவில்பட்டியில் இரவு தங்கி, விடியற்காலையில் புறப்படுவதே உத்தமம். காலையில் மலை, வெயில் ஏறியதும் நிழலில் இளைப்பாறல், மாலையில் சுவாமி தரிசனம்.

ஆகாரத்துக்குக் கையில் இட்டிலிப் பொட்டலமும் ஏராளமான தண்ணீரும் கட்டாயம் இருக்கட்டும்; மலைமேல் ஒன்றும் கிடையாது. கூடவே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. நிலக்கடலையும் வெல்லப்பாகும் தவிர அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் மலையேறிக் களைத்த குழந்தையின் வாயில் ஒரு துண்டு போட்டால், அது மறுபடியும் நமக்கு முன்னால் ஓடுகிறது!

அன்று விடிந்ததும் ஏறினோம். வெட்டுவான் கோயில் முன்னால் போய் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது. மலையைச் சுமார் 25 அடி ஆழத்துக்குச் சதுரமாக வெட்டி இறக்கி, நடுவில் விட்ட பாறையையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி இது. எல்லோராவில் கைலாச நாதர் கோயில் குடையப்பட்டதும் அதே நூற்றாண்டில்தான். எல்லோராவை அறிந்த நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்? உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தவர்கள், அடிப்பாகத்தை முடிக்காமலே உளியை வைத்துவிட்டார்கள். மேலே உமாமகேசுவரர் இருக்கிறார். மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். பூத கணங்கள் சிரிக்கின்றன. கீழேயோ வெறும் கல்.

மலையின் மற்றொரு பக்கத்தில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், அவர்களுக்கடியில் வட்டெழுத்துக்கள். கற்பித்த பெண் துறவியரைக் 'குரத்தியார்' என்று அக்கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. சுமார் 1,200 வருஷங்களுக்கு முன், இந்த வறண்ட பூமியில் பெண்கள் ஆசிரியர்களாக இருந்தார்கள்! இதைச் சொன்னதும் நம் வீட்டுப் பெண் குழந்தை அந்த எழுத்துக்களை மெதுவாகத் தடவப் போனாள். பிறகு தானாகவே கையை இழுத்துக் கொண்டாள். பக்கத்துப் பாறையில் யாரோ தம் பெயரைக் கீறியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். "இது எந்த ராஜா எழுதினது?" என்று கேட்டாள். நமக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாலையில் அடிவாரத்தில், மலையைக் குடைந்து அமைத்த கர்ப்பகிரகத்தில் கழுகாசலமூர்த்தியைத் தரிசித்தோம். கருவறையே மலையாதலால், சுவாமியை வலம் வர வேண்டுமானால் மலையையே சுற்றி வர வேண்டும். சுற்றி வந்தோம். அண்ணாமலை ரெட்டியாருக்குக் காவடிச் சிந்து பாடத் தோன்றியது இந்த முருகனிடத்தில்தான் என்று நினைத்தபோது நடையும் தாளத்துக்கு இசைந்தது.

வெட்டுவான் கோயிலை முடிக்க ஒருவரும் வரப் போவதில்லை, வரவும் வேண்டாம். இருப்பதைக் கீறாமல், கெடுக்காமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்வதுதான் நம் பங்குக்கு மிஞ்சிய வேலை. அதற்கு உளி வேண்டியதில்லை. அவசரமில்லாத ஒரு நாளும், கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒரு குழந்தையும் இருந்தால் போதும்.