பூட்டிய கோபுரம்

உயரமான இடத்தில் ஏறி நின்று ஊரைப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குச் சிறு வயதிலேயே பிறந்துவிடுகிறது. நமக்கோ அந்த ஆசை ஐம்பது வயதைக் கடந்த பின்னும் அடங்கவில்லை.

சங்கரன்கோவிலில் வாழ்வோருக்குச் சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் நாள்தோறும் காணும் காட்சி. அதன் உயரம் 125 அடி. வெளியூர் சென்று திரும்புகையில் அதன் முடி கண்ணில் பட்டாலே, ஊர் வந்துவிட்டது என்று மனம் ஆறுதல் அடையும். இவ்வாறு அண்ணாந்து பார்த்தே பழகிய நமக்கு, ஒருமுறையேனும் உயரத்திலிருந்து கீழே நோக்க வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

2016-ஆம் ஆண்டு அலுவல் ஒன்றின் பொருட்டுச் சென்னைக்குப் புறப்பட்டோம். பொதிகை விரைவு வண்டிக்காகப் பெட்டியைக் கையில் எடுத்த வேளையில், பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"சாமி, கொஞ்சம் பேச வேண்டும்" என்றான்.

"ரயிலுக்கு நேரமாகிறது, தம்பி. திரும்பி வந்ததும் பேசுவோம்" என்று கூறிவிட்டு ஆட்டோவில் ஏறினோம். அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவும் இல்லை.

சென்னையில் அலுவல் நண்பகலிலேயே முடிந்தது. நெடுநாள் ஆசை நினைவுக்கு வர, அண்ணா நகர் விசுவேசுவரையா கோபுரப் பூங்காவுக்குச் சென்றோம். 1968-ஆம் ஆண்டு நடைபெற்ற வணிகப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்ட கோபுரம் அது. பன்னிரண்டு மாடி, 135 அடி உயரம். நம் ஊர்க் கோபுரத்தைவிடப் பத்து அடி கூடுதல் என்று கணக்குப் பார்த்தபடியே அடிவாரத்தை அடைந்தோம்.

கதவில் பூட்டுத் தொங்கியது.

அருகில் இருந்த காவலாளியிடம் விசாரித்தோம். "மேலே விடுவதில்லை ஐயா. அடைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஏறிய சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்" என்றார். 2011-ஆம் ஆண்டிலேயே கோபுரம் மூடப்பட்ட செய்தி, இவ்வளவு தொலைவு வந்த பின்னரே நமக்குத் தெரிந்தது.

ஏமாற்றத்துடன் மரநிழலில் அமர்ந்தோம். குழந்தைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தனர். முதியோர் சிலர் நடந்துகொண்டிருந்தனர். ஊரைக் கண்டு களிக்க எழுப்பிய இடத்தில், யாரையும் காண விரும்பாமல் ஏறியவர்களும் இருந்திருக்கின்றனர்! ஏறுவதற்கு முன் அவர்கள் யாரிடமேனும் பேச முயன்றிருப்பார்களோ? அவ்வாறு எண்ணியபோதே, வாசலில் நின்ற இளைஞனின் குரல் காதில் ஒலித்தது. கதவு அடைத்திருக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டிருந்த நாமும், முந்தின நாள் மாலை ஒரு கதவை அடைத்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

அன்றிரவு ரயிலில் உறக்கம் வரவில்லை. விடியற்காலையில் கோபுரம் கண்ணில் பட்டபோதும் வழக்கமான ஆறுதல் பிறக்கவில்லை. நிலையத்திலிருந்து நேரே அவன் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்தான். பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அருகில் அமர்ந்தோம். வெயில் ஏறும்வரை அவன் பேசினான், நாம் கேட்டோம். அவன் கூறியவை ஏட்டில் எழுதத் தக்கவை அல்ல. நாம் இன்னும் ஒரு நாள் பிந்தியிருக்கலாகாது என்பதை மட்டும் கூறலாம்.

அண்ணா நகர்க் கோபுரம் பழுதுபார்க்கப்பட்டு, பாதுகாப்புக் கம்பிகளுடன் 2023-ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. நல்லதே. நாம் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை. அந்த ஆசையும் முன்போல் இல்லை.

அன்பர்களே, உங்கள் வாசலில் ஒருவர் வந்து, "கொஞ்சம் பேச வேண்டும்" என்றால், பெட்டியைக் கீழே வையுங்கள். அடுத்த ரயில் எப்படியும் வரும்.