எண்பத்திரண்டு டச்

நகையை விற்றவர் நுகர்வோரா? விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விலை கொடுத்துப் பொருள் வாங்குபவரும் சேவை பெறுபவரும்தான் நுகர்வோர். பழைய நகையைக் கொடுத்துவிட்டு ரொக்கத்தை முடிந்துகொண்டு வருபவர் விற்பனையாளர். அவர் ஏமாந்தால் போக வேண்டிய இடம் சிவில் கோர்ட். சில ஆயிரங்களுக்காக அங்கே யார் ஏறி இறங்குவது?

எங்களைக் காப்பாற்றியது அரைப் பவுன் சங்கிலி.

என் கட்சிக்காரர் வல்லத்துக்காரர். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் இருக்கிற ஊர். மல்லாட்டை போடுகிற குடும்பம். விதைக்கும் உரத்துக்கும் கல் அட்டிகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பதும் மீட்பதுமாகவே அந்த அம்மாவின் காலம் போயிருக்கிறது. 2021-இல் அரசு, சங்கங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைத் தகுதியுள்ளவர்களுக்குத் தள்ளுபடி செய்ததே, அதில் அட்டிகை வீடு திரும்பியது. அவர் அதைப் போட்டுக்கொள்வதில்லை, மருமகளுக்கும் பிடிக்கவில்லை. விற்றுவிடலாம் என்று ஒரு கடைக்குப் போனார். பேத்திக்குச் சங்கிலி எடுத்துக்கொண்டு மீதியைப் பணமாக வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

"ஹால்மார்க் இல்லாத நகைம்மா, இனிமே எவனும் வாங்க மாட்டான்" என்று கடையில் முதலிலேயே பயமுறுத்தியிருக்கிறார்கள். 2021 ஜூன் முதல் கட்டாயமான ஹால்மார்க், விற்கிற நகைக்கடைக்குத்தான். வீட்டில் கிடக்கும் பழைய நகையை விற்பவரை அது தடுக்காது, கடைக்காரர் வாங்குவதையும் தடுக்காது. அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் ஓரிரு நூறு ரூபாய்க்கு மாற்றுப் பார்த்து எழுதியே கொடுப்பார்கள். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் யார் சொல்வது?

நகை உள்ளே போனது. கல்லைப் பெயர்த்து, அரக்கை எடுத்து, உருக்கி, கட்டியாக வெளியே வந்தது. பில் கிடையாது. எஸ்டிமேட் தாளில் பால்பாயிண்டில் எழுதிய ஒரு சீட்டு மட்டும். மகன் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தான். அவன் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம்.

சீட்டில் 30 கிராம், டச் 82, அதற்கு நேரே 24.6. அதை அன்றைய 22 காரட் விலையால் பெருக்கி, சங்கிலி விலையைக் கழித்து, பாக்கித் தொகை. கூட்டல் கழித்தலில் பிசகே இல்லை. அதனால்தான் முதல் பார்வையில் எனக்கும் எதுவும் தட்டவில்லை. பக்கத்து அறை குமாஸ்தா, பத்தர் வீட்டுப் பிள்ளை, சீட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

டச் 82 என்றால் நூற்றுக்கு 82 பங்கு சொக்கத் தங்கம். அப்படியானால் அந்த 24.6 கிராம் சொக்கத் தங்கத்தின் எடை. அதற்கு 24 காரட் விலை போட வேண்டும். 22 காரட் விலையோ 91.6 டச்சுக்கான விலை. செம்புக்குண்டான கழிவு அதிலேயே கழிந்துவிட்டது. அந்த விலையில்தான் வாங்குவேன் என்றால் 24.6-ஐ 91.6-ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 26.86 கிராம் வருகிறது. ஒரே கழிவை இரண்டு தரம் கழித்ததில் இரண்டேகால் கிராம், கால் பவுனுக்கும் மேலே, கடையோடு தங்கிவிட்டது.

ஆணையத்தில் மனுப் போட, கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. சங்கிலியைக் காட்டி, அதற்கு விலையாகக் கொடுத்தது அட்டிகையின் தங்கம், ஆகவே இவர் நுகர்வோரே என்று வாதிட்டேன். சீட்டையும், 22, 24 காரட் விலை இரண்டும் அச்சாகியிருந்த அன்றைய தினசரியையும் சான்றாவணமாக வைத்தேன். "பழைய தங்கத்தை என்ன விலைக்கு எடுப்பது என்பது வியாபாரியின் இஷ்டம்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். இஷ்டம்தான். குறைத்துக் கேட்டிருக்கலாம், லாபத்துக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லியே பிடித்திருக்கலாம். இன்றைய விலை என்று எழுதிக் காட்டிவிட்டுக் கணக்கில் இறக்குவது வேறு. பிரமாண வாக்குமூலத்தில் இந்தக் கணக்கை விளக்க வேண்டிய கட்டம் வந்ததும் சமரசத்துக்கு ஆள் வந்தது.

வித்தியாசத் தொகையும் வழக்குச் செலவும் தருகிறோம் என்றார்கள். அந்த அம்மா ஒப்பவில்லை. சங்கத்து அடகு ரசீதில் மொத்த எடை 36, நிகர எடை 33 என்று இருந்தது. கடைக் கணக்கில் 30.

"சங்கத்துல எழுதினது பொய்யா வக்கீலய்யா?"

பொய்யில்லை. ஆனால் கல் பதித்த நகைக்கு மதிப்பீட்டாளர் கழிப்பது கண்ணளவு. குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிஷம் தாங்காது. கட்டியைத் தராசில் வைத்தபோது கூட நின்றவர் எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. அந்த மூன்று கிராமை எதைக் கொண்டு நிரூபிப்பது? இரண்டு வாய்தா பிடிவாதமாக இருந்தார். பிறகு மகன் சொல்லிக் கூட்டு மெமோவில் கையெழுத்துப் போட்டார்.

பணம் காசோலையாக வந்தது. அட்டிகையை வாங்கிய அன்று, செக் பழக்கமே எங்கள் கடையில் கிடையாது என்று சொன்ன அதே கடையின் காசோலை.