பேரனுக்கு வாங்கிய பிரேக்



"ரிட்டையர் ஆன டீச்சர் பேரனுக்கு ஒரு லட்சத்தில் வீடியோ கேம் வாங்கிக் கொடுத்தாங்களாமே" என்று நம் குடும்பக் குரூப்பில் ஓடிய பேச்சு இப்போது பழைய மாணவர்கள் குரூப் வரை வந்துவிட்டது. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. உறவுக்காரர்கள் "ஏன்" என்று கேட்கிறார்கள். மாணவர்கள் "எது வாங்கினீங்க டீச்சர், என் பையனும் உயிரை எடுக்கிறான்" என்கிறார்கள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். என் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், அட்டெண்டன்ஸ் கிடையாது.

பொங்கலுக்கு மானாம்பதி வந்திருந்த பேரன் (அப்போது பதினொன்றாம் வகுப்பு, லைசென்ஸ் எடுக்கும் வயதில்லை) ஒரு 100 சிசி பைக்கை எடுத்துக்கொண்டு வந்தவாசி ரோட்டில் போனான். ஒரு வளைவு தாண்டியதும் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தது. பதறிப்போய் பிரேக்கை மொத்தமாகப் பிடித்தான். முன்சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. இடது காறை எலும்பு முறிந்தது. தலையில் ஹெல்மெட் இருந்ததால்தான் இதை இன்று உட்கார்ந்து எழுத முடிகிறது. நான் சக்கரம் வாங்கிக் கொடுத்ததைப் பற்றிக் குரூப்பில் அறுபது செய்தி வந்தது. அன்று சாவி எடுத்துக் கொடுத்த கையைப் பற்றி ஒரு செய்திகூட இல்லை. அதை இத்தோடு விடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு வந்த கோபம் நியாயமானது. "அத்தை, இனிமே இந்த வீட்டுல வண்டிப் பேச்சே வரக்கூடாது" என்றார். பையன் மேசையில் இருந்த கம்ப்யூட்டரையும் விற்கக் கிளம்பிவிட்டார். ஆனால் 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரக் கார் பந்தயம் நடந்ததே, அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குப் பிடித்த பைத்தியம் அது. கம்ப்யூட்டரை விற்றால் பைத்தியம் தீராது, ரோட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் பதினெட்டு ஆகிவிடும். அப்போது யார் சாவியை ஒளித்து வைப்பது?

முப்பத்து மூன்று வருஷம் இயற்பியல் எடுத்தவள் என்ற முறையில் எனக்குப் பட்டது வேறு. அன்று அவன் போன வேகம் ஒன்றும் பெரிதில்லை. சக்கரம் சுழல்வதை நிறுத்தாமல் எவ்வளவு பிடிக்கலாம் என்பது அவன் கைக்கும் காலுக்கும் தெரியவில்லை. வேகம் காட்டுகிற சாதனம் எதுவும் எனக்கு வேண்டாம், பிரேக் கற்றுக்கொடுக்கிற சாதனம் வேண்டும் என்று முடிவு செய்தேன். அஞ்சலக வைப்பு ஒன்று அந்த மாதம் முதிர்ந்தது. ஒரு லட்சம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். கோடை விடுமுறைக்கு வந்தவனும் நானுமாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தோம்.

முதலில், செங்கல்பட்டில் இருக்கும் ஒரு பழைய மாணவர் தன் லாஜிடெக் ஜி29 சக்கரத்தை ஒரு வாரம் கடனாகக் கொடுத்தார். இந்த உபகாரத்துக்கு ஈடில்லை. வாங்குவதற்கு முன் கடன் வாங்கிப் பாருங்கள். என் பழைய எழுத்து மேசையில் சக்கரத்தை முடுக்கி, பெடலைத் தரையில் வைத்து, அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினான். கார் நின்றதோ இல்லையோ, நாற்காலி மொசைக் தரையில் ஓரடி பின்னால் போனது, பெடல் சுவரில் போய் முட்டியது. நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிட அழகாக நான் எந்த வகுப்பிலும் காட்டியதில்லை.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது சட்டம். சக்கரம், பெடல், இருக்கை மூன்றும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் சட்டங்கள் விலை அதிகம், கனமாதலால் அனுப்பும் செலவு அதைவிட அதிகம். ஆனால் அவை எதனால் செய்யப்பட்டவை என்று பார்த்தால், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நம் பிள்ளைகள் தினமும் நிற்கிற அசெம்பிளி லைன் மேசைகளின் அதே அலுமினியப் புரொஃபைல்தான். நான்கு பக்கமும் காடி ஓடும், காடியில் நட்டை நுழைத்து எங்கே வேண்டுமோ அங்கே முடுக்கலாம், வெல்டிங் தேவையில்லை. 40க்கு 80 மில்லிமீட்டர் அளவில் கீழ்ச்சட்டமும் தூண்களும், 40க்கு 40 அளவில் மற்றதும் போதும். திருமுடிவாக்கம் சிட்கோவில் வேலை செய்யும் ஒரு மாணவர் அளவுக்கு அறுத்தே வாங்கித் தந்தார். எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். பையன் வளர்ந்தால் சட்டத்தையும் நீட்டிக்கொள்ளலாம். இருக்கைக்கு "ரேசிங் சீட்" என்று பேர் போட்டு விற்பதைத் தொடவில்லை. புதுப்பேட்டையில் பழைய கார் இருக்கை ஒன்று 3,500க்குக் கிடைத்தது. முதுகு சாய்மானம் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பிரேக்கை அழுத்தும்போது மொத்த எதிர்விசையும் அங்கேதான் போய்ச் சேரும்.

இரண்டாவது, பெடல். நான் பணம் போட்டது முக்கியமாக இதற்குத்தான்.

சாதாரண பெடலில், கால் எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் அளக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரு பொட்டன்ஷியோமீட்டர், பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி. தூசி போனால் ரேடியோ கரகரக்குமே, அதே கதி இதற்கும் உண்டு, நம்மூர்த் தூசி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஜி29-இல் பிரேக்குக்குள் ஒரு ரப்பர் துண்டு வைத்து அழுத்த அழுத்த இறுகும்படி செய்திருக்கிறார்கள், ஆனாலும் அளப்பது தூரத்தைத்தான். உண்மையான காரில் அப்படியா? ஒன்பதாம் வகுப்பில் பாஸ்கல் விதி படித்தோம். பிரேக் எண்ணெய் அமுங்காது. ஓரளவுக்கு மேல் பெடல் நகரவே நகராது, நீங்கள் கூட்டுகிற விசை மட்டும் அழுத்தமாக நாலு சக்கரத்துக்கும் போகும். பந்தயக் கார்கள் பலவற்றில் நம் வீட்டுக் காரில் இருக்கிற மாதிரி பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் கிடையாது, முழு பலமும் காலிலிருந்து வர வேண்டும். ஆக, கால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது தூரத்தை அல்ல, விசையை.

விசையை அளக்க லோட் செல் வேண்டும். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தைத் தூக்கி வைக்கிற எலெக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பது அதுதான். ஓர் உலோகத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்தடை இழை. எடை ஏறினால் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், இழை நீளும், மின்தடை மாறும். அந்தச் சின்ன மாற்றத்தைப் பிடிப்பது யார்? நீங்கள் எல்லோரும் "இது எதுக்கு டீச்சர் வாழ்க்கைல உதவும்" என்று கேட்ட வீட்ஸ்டன் சமனச்சுற்று. முப்பது வருஷம் கழித்துப் பதில் சொல்லிவிட்டேன்.

நம்பாமல் ஒரு சோதனை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாதி பிரேக் மட்டும் அழுத்து, பத்து தடவை, நான் திரையில் எண்ணைப் படித்து எழுதுகிறேன் என்றேன். கடன் வாங்கிய பெடலில் பத்து எண்ணும் பத்து திசையில் போயின. பிறகு லோட் செல் பெடல் வந்ததும் அதே சோதனை. முதல் நாளே எண்கள் ஐம்பதைச் சுற்றிக் கூடிவிட்டன. 22,000 ரூபாய்க்குப் பெடல் வாங்கியதைப் பற்றி அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. அவன் ஒல்லி, அதனால் முழு பிரேக் என்பதை 30 கிலோ விசைக்கு மட்டும் வைத்திருக்கிறோம். மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பிள்ளைக்கு நூறு கிலோ வைத்து வீரம் பார்க்காதீர்கள், முழங்கால்தான் போகும்.

மூன்றாவதுதான் சக்கரம். கடைக்காரர்கள் இதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சென்னையில் ஒரு கடையில் பையனின் தோளில் கட்டு போட்ட அடையாளத்தைப் பார்த்த பிறகும், இருப்பதிலேயே பலமான மோட்டாரைத்தான் காட்டினார்கள். விலைச்சீட்டும் வாரண்டி அட்டையும் கேட்டதும் பேச்சு மாறியது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் இந்தியாவில் பழுது பார்ப்பது யார், பில் யார் பெயரில் என்ற இரண்டையும் கேட்காமல் எவரும் பணம் கொடுக்காதீர்கள்.

சக்கரத்தில் மூன்று ஜாதி. மோட்டாரிலிருந்து பல்சக்கரம் வழியாகத் திருப்புவது ஒன்று, ஜி29 அந்த வகை. பெல்ட் வழியாகத் திருப்புவது அடுத்தது, த்ரஸ்ட்மாஸ்டர் டி300 மாதிரி. மோட்டார் தண்டிலேயே ஸ்டியரிங்கை மாட்டுவது டைரக்ட் டிரைவ். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஆயில் இன்ஜினில் பெல்ட் போட்டுப் பம்பை ஓட்டுவதற்கும் மோனோபிளாக் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம்தான். நடுவில் எதுவும் இல்லாததால் டயர் வழுக்க ஆரம்பிக்கிற நொடியில் கைக்குச் செய்தி வந்துவிடும்.

பலத்தை நியூட்டன்-மீட்டரில் சொல்வார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்காமல் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். ஜி29 சுமார் 2 நியூட்டன்-மீட்டர். ஆரம் 14 செ.மீ. என்று வைத்தால் விளிம்பில் ஒன்றரைக் கிலோ இழுப்பு. மோசா ஆர்5 என்பது 5.5, அதாவது கிட்டத்தட்ட 4 கிலோ. சிமுக்யூப் 2 ப்ரோ என்று ஒன்று 25 வரை போகும், விளிம்பில் 18 கிலோ! ஆறிவரும் எலும்புக்கு அது எமன். நாங்கள் ஆர்5-இல் நிறுத்திக்கொண்டோம். டாக்டர் சம்மதித்த பிறகு, முதல் மாதம் பாதி பலத்துக்கும் கீழே வைத்துத்தான் ஓட்டினான். இன்னொன்று, திரையில் கார் சுவரில் மோதும்போது ஸ்டியரிங் தானாகச் சுழலும். கட்டைவிரலை ஆரத்துக்குள் கோத்துப் பிடிக்கக் கூடாது. இதைப் பெற்றோர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஸ்டியரிங்கும் சேர்த்து 48,000. ஆக மொத்தம் 92,500. கம்ப்யூட்டர் ஏற்கெனவே அவனுடையது.

திரைக்கு ஒரு வார்த்தை. ஹாலில் இருக்கும் 43 அங்குல டிவியில் ஓட்டலாம் என்றான். அதன் அகலம் 95 செ.மீ. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கண்ணில் அது பிடிக்கும் கோணம் 27 பாகைதான். அவனுடைய 27 அங்குல மானிட்டரின் அகலம் 60 செ.மீ. ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே, கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் 53 பாகை. சிறிய திரை பெரிய ஜன்னலாகிவிடுகிறது. விளையாட்டிலும் பார்வைக் கோணத்தை இதற்குப் பொருந்தும்படி வையுங்கள், அப்போதுதான் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனசு சரியாகக் கணிக்கும். பைசா செலவில்லை.

நம்மூருக்கே உரிய தொல்லை ஒன்று வந்தது. பக்கத்து வீட்டு மோட்டார் போட்டால் பிரேக் திடீரென்று காணாமல் போகும். பையன் பெடல் கெட்டுவிட்டது என்று அழாத குறை. சட்டம் முழுக்க அலுமினியம், எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த் குழியைச் சரிசெய்து சட்டத்தையும் அதில் இணைத்தபின் நின்றது. 1,200 ரூபாய். கணினிப் பொருளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.

அவன் ஓட்டுவது அசெட்டோ கோர்சா, 2014-இல் இத்தாலிக்காரர்கள் வெளியிட்டது. நான் போட்ட நிபந்தனை ஏபிஎஸ் அணைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அவன் விழுந்த வண்டியில் அது இல்லை. முதல் வாரம் ஒவ்வொரு வளைவிலும் டயர் கிறீச்சிட்டு நேராக மண்ணில் போய் நின்றான். "ஆயா, இது சரியா வேலை செய்யல" என்றான். சரியாகத்தான் வேலை செய்கிறது என்றேன். நாலாவது வாரம் சத்தம் குறைந்தது. முதலில் அழுத்தமாகப் பிடித்து, வேகம் இறங்க இறங்கக் காலை மெல்லத் தளர்த்துகிறான்.

ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு அழைத்துப் போனேன். காஞ்சிபுரம் போய் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் அதுதான். 1990-இல் திறந்தது, சுமார் 3.7 கி.மீ. அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், 2010-இல் கருண் சந்தோக், இருவருமே நம் தமிழ்நாட்டுக்காரர்கள். கணினிச் சக்கரத்திலிருந்து நிஜப் பந்தயத்துக்குப் போனவரும் உண்டு: வேல்ஸ் நாட்டில் வளர்ந்த ஜான் மார்டன்பரோ 2011-இல் கிரான் டூரிஸ்மோ போட்டியில் பல்லாயிரம் பேரைத் தாண்டி ஜெயித்து, 2013-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் ஓட்டினார். பேரனுக்கு இந்தக் கதை மனப்பாடம். பல்லாயிரத்தில் மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை, கணக்குப் புத்தகத்தை எடுத்தான்.

இதனால் அவன் பைக்கைத் தொடமாட்டான் என்று நான் எவருக்கும் உத்தரவாதம் தரவில்லை. திரையில் விழுந்தால் வலிக்காது, அது இந்தச் சாதனத்தின் பெரிய குறை, எத்தனை லட்சம் போட்டாலும் தீராதது. ஆனால் போன வாரம் மாப்பிள்ளை காரில் எங்களை உத்திரமேரூர் அழைத்துப் போனார். ஒரு திருப்பத்தில் ஆடு குறுக்கே வர, சட்டென்று பிரேக் போட்டார். பின்சீட்டிலிருந்து பையன், "அப்பா, கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றான். மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரை விற்கும் பேச்சும் அதன்பின் எழவில்லை.

இப்போது ஹேண்ட்பிரேக் தனியாக வேண்டும் என்று கேட்கிறான். பட்ஜெட்டில் மீதி 6,300 இருக்கிறது என்று அவனே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டு மார்க் வரட்டும் என்றிருக்கிறேன். பிள்ளைகளை அழைத்து வந்து உட்கார வைத்துப் பார்க்க விரும்புகிற மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் வாருங்கள். பழைய செருப்போடு பெடலில் கால் வைக்கக் கூடாது, வெறுங்கால் அல்லது சாக்ஸ். சுண்டல் உண்டு.