திட்டுவார்கள்... ஆனால், விற்க மாட்டார்கள்! ஹிரோஷிமா தந்த மஸ்டா கார்களின் கதை

1945 ஆகஸ்ட் 6. ஜுஜிரோ மட்சுடாவுக்கு அன்று 70-வது பிறந்தநாள். முடி வெட்டிக்கொள்வதற்காகக் காலையிலேயே ஹிரோஷிமா நகருக்குள் போயிருந்தார். வேலை முடிந்து, காரில் ஏறிக் கிளம்பியும் விட்டார். மணி 8.15.

அவர் பிழைத்துக்கொண்டார். நகரத்தின் நடுப்பகுதி பிழைக்கவில்லை.

அவருடைய தொழிற்சாலை குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, ஃபுச்சூ என்ற ஊரில் இருந்தது. நடுவில் ஹிஜியாமா என்று ஒரு சின்னக் குன்று. வெடிப்பின் வேகத்தை அந்தக் குன்று வாங்கிக்கொண்டதால் கூரையும் ஜன்னல்களும் சேதமானதோடு போயிற்று. கட்டடம் நின்றது, இயந்திரங்கள் தப்பின. ஆனால், அன்று காலை நகருக்குள் வேலையாகப் போயிருந்த ஊழியர்கள் பலர் திரும்பி வரவில்லை.

அலுவலகத்தை இழந்த ஹிரோஷிமா மாகாண நிர்வாகம் அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள்தான் குடிவந்தது. 1946 வரை அரசாங்கமே அங்கிருந்துதான் நடந்தது. ஒரு பக்கம் அரசு அலுவலகம். இன்னொரு பக்கம் டிசம்பரிலேயே மூன்று சக்கர லாரி தயாரிப்பு மறுபடியும் ஆரம்பம். குண்டு விழுந்து நான்கே மாதம்!

அந்தத் தொழிற்சாலையின் பெயர் அப்போது டோயோ கோக்யோ. இன்று உலகம் அறிந்த பெயர், மஸ்டா.

நம்மில் பலருக்கு மஸ்டா என்றால் கார் நினைவுக்கு வராது. வேன்தான் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கல்யாணக் கோஷ்டிகளையும் சுமந்த ஸ்வராஜ் மஸ்டா! 1983-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனத்தோடு மஸ்டா கைகோத்ததால் வந்த வண்டி அது. மஸ்டா கார்கள் இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்ததே இல்லை. இலங்கையில் கதை வேறு. அங்கே 'மஸ்டா ஃபெமிலியா' என்றால் ஒரு தலைமுறைக்கே பழக்கமான கார்.

மட்சுடா மீனவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவர். பதின்ம வயதில் ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் வேலை கற்றவர். 1920-ல் ஹிரோஷிமாவில் தொடங்கப்பட்ட கம்பெனி செய்தது காரும் இல்லை, லாரியும் இல்லை. தக்கை! பாட்டில் மூடும் தக்கைதான். மறு வருடம் மட்சுடா அதன் தலைமைக்கு வந்தார். தக்கை வியாபாரம் தள்ளாட, 1925-ல் தொழிற்சாலையில் தீ விபத்தும் நடக்க, மனிதர் இயந்திரங்கள் பக்கம் திரும்பினார். 1931-ல் 'மஸ்டா-கோ' என்ற மூன்று சக்கர வண்டி வந்தது. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் சரக்குப் பெட்டி. பாரசீகர்களின் ஞானக் கடவுளான அஹுரா மஸ்டாவின் பெயர் அது. மட்சுடா என்ற குடும்பப் பெயரும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கம்பெனியின் பெயரே மஸ்டா என்று மாறியது 1984-ல்தான்.

இதுவரை சொன்னது ஒரு நல்ல பிழைப்புக் கதை. ஆனால், மஸ்டா கார் வைத்திருப்பவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று புரிய வேண்டுமானால், ஆட்டுக்கல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

உலக்கையா, ஆட்டுக்கல்லா?

சாதாரண கார் இன்ஜினில் பிஸ்டன் உலக்கை மாதிரி மேலும் கீழும் போய்வரும். அந்தக் குத்தும் அசைவைச் சுற்றும் அசைவாக மாற்றித்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறார்கள். ஜெர்மனிக்காரரான ஃபெலிக்ஸ் வாங்கெல் வேறு மாதிரி யோசித்தார். உலக்கையே வேண்டாம். மூன்று முனைகள் கொண்ட ஒரு ரோட்டர், நிலக்கடலை ஓடு போல நடுவில் லேசாக இடுங்கிய அறைக்குள், ஆட்டுக்கல் குழவி மாதிரி சுவரை ஒட்டிச் சுற்றிவரும். அப்படிச் சுற்றும்போதே பெட்ரோலை இழுக்கும், அழுத்தும், எரிக்கும், புகையைத் தள்ளும். பாகங்கள் குறைவு, எடை குறைவு, அதிர்வும் குறைவு. இதுதான் ரோட்டரி இன்ஜின்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பான் அரசு, சின்னச் சின்ன கார் கம்பெனிகளை ஒன்றாக இணைத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஜுஜிரோவின் மகன் சுனேஜி மட்சுடாவுக்குப் பயம். பெரிய மீன் வாயைத் திறக்கிறது. தனியாக நிற்க வேண்டுமானால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனத்துக்குப் பணம் கட்டி, ரோட்டரி இன்ஜினுக்கான உரிமத்தை வாங்கி வந்தார்.

வாங்கி வந்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. இன்ஜின் ஒழுங்காக ஓடவில்லை. மெதுவாக ஓடும்போது உடம்பெல்லாம் நடுங்கியது. எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை கக்கியது. எல்லாவற்றையும்விட மோசம், உள்சுவரில் விழுந்த வரிவரியான கீறல்கள். ரோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டை போன்ற சீல் இருக்கும். சுவரை விட்டு அது விலகவும் கூடாது, சுவரைச் சுரண்டவும் கூடாது. அது அதிர்ந்து அதிர்ந்து சுரண்டியது. என்ஜினீயர்கள் அந்தக் கீறல்களுக்கு வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'.

இந்தப் பேயை ஓட்டும் வேலை கெனிச்சி யமமோட்டோவிடம் வந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தவர். போர் முடிந்து ஹிரோஷிமா திரும்பி, 1946-ல் அதே தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் பொருத்தும் வரிசையில் தொழிலாளியாகச் சேர்ந்தவர். 1963-ல் அவருக்குக் கீழே ரோட்டரி ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. மொத்தம் 47 பேர். தலைவனுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும் என்பதால், இவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் கார்பனுக்குள் அலுமினியத்தை ஊடுருவச் செய்து உருவாக்கிய சீல் கைகொடுத்தது. 1967 மே மாதம் 'காஸ்மோ ஸ்போர்ட்' விற்பனைக்கு வந்தது. மறு வருடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரம் ஓடும் பந்தயத்துக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பினார்கள். ஒன்று கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டது. இன்னொன்று நான்காவதாக வந்தது. கண்டுபிடித்துக் கொடுத்த என்.எஸ்.யூ.வே தன் ரோட்டரி காரின் சீல் தேய்மானத்தால் வாடிக்கையாளர்களிடம் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது!

பெட்ரோல் விலை ஏறிய நாள்

இந்த இடத்தில் மஸ்டா தவறு செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். ரோட்டரி இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும் என்பது தெரிந்த விஷயம். பெட்ரோல் மலிவாகக் கிடைத்தவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தைரியத்தில் கம்பெனி ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டரி கார்களாக இறக்கியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்காவில் விற்பனை படுத்துவிட்டது. வண்டிகள் தேங்கின. கடன் கழுத்தை நெரித்தது.

சுமிடோமோ வங்கி கைகொடுத்தது. கூடவே தன் ஆட்களையும் நிர்வாகத்துக்குள் அனுப்பியது. 1977-ல் ஜுஜிரோவின் பேரன் கோஹேய் தலைவர் பதவியிலிருந்து இறங்கினார். தொழிற்சாலையில் ஸ்பானர் பிடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஷோரூம்களுக்கு அனுப்பப்பட்டு, கார் விற்கும் வேலையில் இறக்கப்பட்டார்கள். ஆட்களை வெளியே அனுப்பாமல் சமாளிக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. 1979-ல் ஃபோர்டு சுமார் 25 சதவிகிதப் பங்குகளை வாங்கியது.

வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ரோட்டரிக்கு அன்றே காரியம் செய்திருப்பார்கள். மஸ்டா, எரிபொருள் சிக்கனத்தை மேம்படுத்தி, 1978-ல் ஆர்.எக்ஸ்-7 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் அதே இன்ஜினைப் பொருத்தி இறக்கியது. அமெரிக்கர்கள் விரும்பி வாங்கினார்கள். 1991-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், ஆரஞ்சும் பச்சையுமாக 55-ம் எண் தாங்கிய மஸ்டா 787பி முதலிடம் பிடித்தது. லெ மானில் ஜெயித்த முதல் ஜப்பான் கார் அதுதான். கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட், காரைவிட்டு இறங்கியதும் உடம்பில் நீர் வற்றி மயங்கிவிட்டார். மேடையில் ஏறிக் கோப்பை வாங்கக்கூட அவரால் முடியவில்லை.

சரி, காசு கொடுத்து வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ரோட்டரி காரை வைத்திருப்பவர் பேச ஆரம்பித்தால், முதல் பத்து நிமிடம் புகார்தான். பெட்ரோல் போடும்போதெல்லாம் இன்ஜின் ஆயிலையும் பார்க்க வேண்டும். சீல்கள் வழுக்கிக்கொண்டு ஓட, கொஞ்சம் ஆயிலை எரித்துக்கொண்டே இருப்பதுதான் இந்த இன்ஜினின் அமைப்பு. டிக்கியில் எப்போதும் ஒரு ஆயில் கேன் கிடக்கும். காரைக் கழுவலாம் என்று காலையில் ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே ஆஃப் செய்தீர்களா? போச்சு. உள்ளே பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவரிடம் மற்ற ஓனர்கள் சொல்லும் முதல் வார்த்தை, கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் கை நீட்டாதே என்பதுதான். 2003-ல் வந்த ஆர்.எக்ஸ்-8 காரில் இன்ஜின் பிரச்னைகள் அதிகமாகி, அமெரிக்காவில் கம்பெனியே இன்ஜின் வாரன்டியை 8 ஆண்டுகளாக நீட்டிக்க வேண்டியிருந்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு, அதே மனிதர் அந்த இன்ஜின் 8,000 சுற்றுகளைத் தாண்டும்போது எழும் சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். முகமே மாறிவிடும். உலக்கை குத்துகிற அதிர்வு எதுவும் இல்லாமல், தையல் மெஷின் போல வழுக்கிக்கொண்டு ஏறுமாம். வீட்டில் முரண்டு பிடிக்கும் பிள்ளையைத்தானே ஊரெல்லாம் அதிகம் பேசுவோம்!

இதற்கு நேர் எதிர், எம்.எக்ஸ்-5. அதில் ரோட்டரி கிடையாது. சாதாரண நான்கு சிலிண்டர் இன்ஜின்தான். இரண்டே பேர் உட்காரும், கூரையை மடித்துத் திறக்கும் குட்டி கார். பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், 1979-ல் யமமோட்டோவிடம் 'பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் மாதிரி ஒன்றை நீங்கள் செய்யக் கூடாதா?' என்கிற ரீதியில் பேசியது அதற்கு விதை. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் கார் அறிமுகமானது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. வேகத்தில் யாரையும் தோற்கடிக்காது. 'குதிரையும் வீரனும் ஓருடல்' என்று ஜப்பானில் ஒரு சொல்வழக்கு உண்டு. அந்த உணர்வு ஓட்டுகிறவருக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் இதுதான் உலக சாதனை. இந்த ஓனர்களின் புகார்கள் சின்னவை: உயரமானவருக்கு முட்டி இடிக்கும், ஒரு சூட்கேஸுக்கு மேல் டிக்கி தாங்காது. எதிரே இன்னொரு எம்.எக்ஸ்-5 வந்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கையசைப்பார்கள்.

குடும்பத்தோடு போக மஸ்டா 3, சி.எக்ஸ்-5 மாதிரி கார்களை வாங்கியவர்களின் பேச்சு இன்னும் நிதானமானது. ஸ்டீயரிங்கைப் புகழ்வார்கள், கொடுத்த விலைக்கு மேல் உள்ளலங்காரம் இருக்கிறது என்பார்கள். பின் சீட் நெருக்கம் என்பதும், பனிக்கு உப்பு தூவும் நாடுகளில் பழைய மாடல்கள் துருப்பிடித்தன என்பதும் அதே வாயிலிருந்து வரும். அந்தப் புகழ்பெற்ற சிவப்பு பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்தால், அதே நிறத்தைச் சேர்த்து அடிக்கப் பட்டறைக்காரர் திணறுவார்; செலவும் கூடுதல். தொடுதிரை வேண்டாம், சாலையிலிருந்து கண் விலகிவிடும் என்று 2019 மஸ்டா 3-ல் கம்பெனி திருகும் குமிழையே வைத்தது. பாதிப் பேர் பாராட்டினார்கள். மீதிப் பேர் இன்றும் புலம்புகிறார்கள். ஓனர்களிடமே கேட்டுத் தொகுக்கும் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகையின் 2020 நம்பகத்தன்மைப் பட்டியலில், டொயோட்டாவையும் லெக்ஸஸையும் முந்திக்கொண்டு மஸ்டா முதலிடம் வந்தது. பேயின் நகக்கீறல்களில் தொடங்கிய கம்பெனி!

அந்த முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 கார்களைக் கிழவன் வயதிலும் விற்காமல் ஜப்பானில் பலர் வைத்திருக்கிறார்கள். உதிரிப் பாகங்கள் கிடைக்காமல் தவித்த அவர்களைக் கம்பெனியே சந்தித்து, எது எது வேண்டும் என்று கேட்டது. துணிக் கூரை, மர ஸ்டீயரிங், அந்தக் காலத்து அளவிலேயே டயர் என்று மறுபடியும் செய்ய ஏற்பாடானது. பழைய காரை வாங்கிப் பிரித்து, புதுசு போலச் செய்து கொடுக்கும் சேவைக்கு 2017-ல் விண்ணப்பங்கள் வாங்க ஆரம்பித்தார்கள்.

ரோட்டரி? ஆர்.எக்ஸ்-8 உற்பத்தி 2012-ல் நின்றது. 11 வருடம் கழித்து, 2023-ல் எம்.எக்ஸ்-30 என்ற மின்சார காருக்குள் ஒற்றை ரோட்டர் இன்ஜின் ஒன்று வந்து உட்கார்ந்தது. சக்கரத்தைச் சுழற்றும் வேலை அதற்கு இல்லை. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது மட்டும்தான். இதுவா ரோட்டரி கார் என்று பழைய ஆட்களுக்கு மனத்தாங்கல். யமமோட்டோ இதைப் பார்க்க இல்லை; 2017 டிசம்பரில் 95 வயதில் காலமாகிவிட்டார்.

2024 பிப்ரவரியில் ஹிரோஷிமாவில் ரோட்டரி இன்ஜினுக்கென்று தனி ஆராய்ச்சிக் குழுவை மஸ்டா மறுபடியும் அமைத்தது. இந்த முறை 36 பேர்.