ரத்தக்கட்டியும் ரத்தச் சலவையும்

2022 ஏப்ரல் 9, சனி

ஜனவரியில் அக்காவுக்கு வந்த கொரோனா லேசான காய்ச்சலோடு போய்விட்டது. மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டார்: கொரோனா வந்தவர்களுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி 33 மடங்கு அதிகமாம். அக்கா ராத்திரி தூங்கவே இல்லை.

தேடிப் படித்தேன். இந்த வாரம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஸ்வீடன் ஆய்வு அது. தொற்று உறுதியான பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். 33 மடங்கு உண்மைதான், ஆனால் முதல் 30 நாட்களுக்கு. அப்போதும் நுரையீரலில் கட்டி வந்தவர்கள் 0.17 சதவீதம், ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதன்பின் ஆபத்து இறங்கிக்கொண்டே வருகிறது. கால் சிரைகளில் மூன்று மாதம், நுரையீரலில் ஆறு மாதம் வரை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படி ஏறாதவர்களுக்கும் உண்டு. அந்தக் கணக்கில் அக்காவுக்கு ஜூலை வரை கவனம் வேண்டும்.

"தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கவாடா?" என்றாள். ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது; கொரோனாவுக்குப் பின் ரத்தக்கசிவு ஆபத்தும் இரண்டு மாதம் கூடுவதாக அதே ஆய்வு சொல்கிறது. சித்தப்பாவின் செய்தியில் அந்த வரி மட்டும் இல்லை.

ஏப்ரல் 16, சனி

அக்காவுக்கு ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை நார்மல். "ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீர்னு நெஞ்சு வலிச்சாலோ, இருமல்ல ரத்தம் வந்தாலோ உடனே வந்துடுங்கம்மா" என்றார் டாக்டர். அப்படியானால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று அக்கா கேட்டதற்கு, தெரியவில்லை என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ரெசியா பிரிட்டோரியஸ் குழு 2021இல் இதற்கு ஒரு விளக்கம் வைத்தது. தொற்று போன பின்னும் தொந்தரவு தொடரும் நீண்ட கோவிட் நோயாளிகளின் பிளாஸ்மாவில் ஒளிரும் சாயம் கலந்து பார்த்தால் நுண்ணுறைவுகள் தெரிகின்றன. உறைவைப் பின்னும் ஃபைப்ரின் இழைகள் எளிதில் கரையாத வடிவில் மடிந்து கிடக்கின்றன. டி-டைமர் என்பது உறைவு கரையும்போது உதிரும் துணுக்கு. கரையாத உறைவிலிருந்து என்ன உதிரும்? அதனால் ரிப்போர்ட் நார்மல். கச்சிதமான வாதம். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்திலும் இதே குழு இவற்றைப் பார்த்திருக்கிறது. அக்காவின் மூச்சுக்கு இவைதான் காரணம் என்று சொல்ல இது போதாது.

ஜூலை 14, வியாழன்

சித்தப்பாவிடமிருந்து இன்று ஒரு வீடியோ. ஜெர்மனியில் ரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டித் திரும்ப ஏற்றுகிறார்களாம்; ரத்தச் சலவை என்று பெயர். ஜெர்மனிக்கும் சைப்ரஸுக்கும் நோயாளிகள் சொந்தக் காசில் போவதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலே இந்த வாரம் துருவி எழுதியிருக்கிறது. வீடியோவில் பயமுறுத்துவது ஸ்வீடன் எண்; விற்பதோ நுண்ணுறைவுக்கு வைத்தியம். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பெரிய கட்டி ஸ்கேனில் தெரியும், எண்ணலாம், மருந்தும் உண்டு. நுண்ணுறைவை எப்படி அளப்பது என்பதிலேயே ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

2023 ஆகஸ்ட் 5, சனி

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு வந்துவிட்டது. இந்த ரத்தச் சலவையை நுண்ணுறைவுக்குச் சோதித்து முடித்த ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "ஆய்வு இல்லேன்னா பலன் இல்லேன்னு அர்த்தமா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முறையாக ஆய்வு நடத்துகிறவர்கள் பொதுவாக நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள், சித்தப்பா என்று மட்டும் பதில் போட்டேன்.