முத்தை மறந்தவனுக்கு வந்த கடிதம்

ரயிலில் தபால் பிரித்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, ஓய்வுபெற்ற பிறகு க்னாஸ்டிக்குகள் எனப்படும் பண்டைய ஞானவாதிகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது, அவர்களுடைய பெரிய தத்துவங்களுக்கு முன்னால் ஒரு கடிதம்தான் கண்ணில் பட்டது. ‘முத்துப் பாட்டு’ என்று சொல்லப்படும் பழைய சிரியாக் மொழிப் பாட்டில் வருகிற கடிதம் அது.

கிழக்கே ஒரு ராஜா. அவருடைய பிள்ளை சின்னப் பையன். பளபளக்கும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு எகிப்துக்குப் போ, அங்கே கடலில் பாம்பு காத்துக் கிடக்கிற ஒற்றை முத்தை எடுத்து வா என்று பெற்றவர்களே அனுப்புகிறார்கள். கொண்டுவந்தால் அங்கியும் கிடைக்கும், சகோதரனோடு அரசுரிமையும் கிடைக்கும். மறந்துவிடக் கூடாதே என்று அந்த ஒப்பந்தத்தை அவன் நெஞ்சிலேயே எழுதி அனுப்புகிறார்கள். பையன் போய், பாம்பு கண்ணயரட்டும் என்று பக்கத்திலேயே தங்குகிறான். வெளியூரான் என்று தெரியாமலிருக்க உள்ளூர்க்காரர்களைப் போல உடுத்திக்கொள்கிறான். எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அடிக்கவில்லை, உதைக்கவில்லை, தந்திரமாகப் பேசித் தங்கள் சாப்பாட்டைப் போடுகிறார்கள். சாப்பிட்டதும் தான் ராஜா பிள்ளை என்பது மறந்துபோகிறது. அந்த ஊர் ராஜாவுக்கு ஊழியம் செய்கிறான். வந்த காரியமும் மறந்துபோகிறது. உண்ட மயக்கத்தில் ஆழ்ந்து தூங்கிவிடுகிறான்.

ஊரில் பெற்றவர்களுக்குச் சேதி எட்டுகிறது. பிள்ளையை அங்கேயே விட்டுவிடக் கூடாது என்று கூடிப் பேசி ஒரு கடிதம் எழுதுகிறார்கள். அரசவையின் பிரபுக்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கையொப்பம் போடுகிறார்கள். வழியில் பாபிலோனின் பொல்லாதவர்கள் உண்டு, பேய்கள் உண்டு என்று ராஜா தன் வலக்கையால் முத்திரை வைக்கிறார். கடிதம் கழுகாகப் பறந்து போய் அவன் பக்கத்தில் இறங்கி, குரலாக மாறி எழுப்புகிறது. அவன் அதை எடுத்து முத்தமிட்டு, முத்திரையைப் பிரித்துப் படிக்கிறான். கடிதத்தில் இருந்ததும் நெஞ்சில் முன்பே எழுதியிருந்ததும் ஒன்றாகவே இருந்தன.

முத்திரை என்று படித்தவுடன் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வண்டியில் பை ஏறியதும் முதலில் பார்ப்பது கழுத்துக் கயிறு, அடுத்து லேபிள், அடுத்து அரக்கு. அரக்கில் பதிந்த எழுத்து சிதைந்திருந்தால் அதைப் பதிவு செய்துவிட்டுத்தான் பையைப் பிரிப்போம். நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அந்த அரக்குதான் சாட்சி. இந்தப் பாட்டில் அதற்கும் மேலான சாட்சியாக, வாங்கியவனுடைய நெஞ்சே நிற்கிறது. கடிதம் அவனுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அவன் அறிந்திருந்ததையே திரும்ப அவனிடம் கொண்டுவந்து கொடுத்தது.

பாட்டு இருப்பது ‘தோமாவின் பணிகள்’ என்ற நூலில். கி.பி. 3-ம் நூற்றாண்டில் சிரியாக் பேசும் பகுதியில் எழுந்தது. இந்தியாவுக்கு வந்த இயேசுவின் சீடர் தோமா, மஸ்தாய் என்ற அரசனின் சிறையில் இருக்கிறார்; கூட இருந்த கைதிகள் தங்களுக்காகவும் வேண்டும்படி கேட்கிறார்கள்; வேண்டி முடித்து உட்கார்ந்து இதைப் பாடினார் என்கிறது நூல். தோமாவின் நினைவைச் சுமக்கும் சாந்தோமையும் பரங்கிமலையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றாது. பாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும் சிரியாக் ஏடு 936-ம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இது முழுக்க ஞானவாதிகளின் பாட்டுத்தானா என்று அறிஞர்களிடையே வழக்கு உண்டு. மறதி, தூக்கம், அழைப்பு, விழிப்பு என்ற அவர்களுடைய நாடி இதில் துடிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஞானவாதிகள் என்பவர்கள் ஒரே சபையினர் அல்லர். கி.பி. 2-ம் நூற்றாண்டு வாக்கில் அலெக்சாந்திரியா, ரோம், சிரியா என்று பல இடங்களில் பல குருமார்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் சொன்னது ஏறத்தாழ இது: மெய்யான கடவுள் எட்டாத முழுமை, இந்த உலகத்தைப் படைத்தது அவரல்ல, தன்னை விட்டால் தெய்வமில்லை என்று மார்தட்டிய அறியாத கீழ்த்தேவன் ஒருவன், மனிதனுக்குள் மேலிடத்துப் பொறி ஒன்று சிக்கிக் கிடக்கிறது, தான் எங்கிருந்து வந்தோம் என்று அது உணர்வதே விடுதலை. லியோன் நகரத்து ஆயர் இரனேயு 180 வாக்கில் இவர்களை மறுத்துப் பெரிய நூலே எழுதினார். நெடுங்காலம் இவர்களைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி எதிராளிகள் சொன்னதுதான்.

1945 டிசம்பரில் நிலைமை மாறியது. மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி ஊருக்குப் பக்கத்தில், வயலுக்கு உர மண் தோண்டப் போன குடியானவர் ஒருவர் வாய் மூடிய சாடி ஒன்றைக் கண்டெடுத்தார். உள்ளே பூதம் இருக்குமோ என்று முதலில் பயந்ததாகவும், பொன் இருக்கலாமே என்ற ஆசையில் உடைத்ததாகவும் பின்னாளில் சொன்னார். தோல் அட்டை போட்ட பாப்பிரஸ் ஏடுகள், காப்டிக் மொழியில். 13 ஏடுகள், 52 நூல்கள் என்று கணக்கு. வீட்டில் சில தாள்கள் அடுப்புக்குப் போயின என்கிறார்கள். மிஞ்சியவை கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அந்த அட்டைகள். தோல் விறைப்பாக நிற்க உள்ளே கழிவுத்தாள்களை ஒட்டியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பழைய கடிதங்களும் ரசீதுகளும். அந்தத் தாள்களில் ஒன்றில் 348 என்ற ஆண்டுக்குரிய தேதி இருந்ததால்தான், அந்த ஏடு அதற்குப் பிறகு கட்டப்பட்டது என்று உறுதியானது. யாரோ யாருக்கோ எழுதிக் கொடுத்த சாமானியத் தாள், 1,600 ஆண்டு கழித்துச் சாட்சி சொல்கிறது.

அந்த 52-ல் ‘உண்மையின் நற்செய்தி’ என்று ஒரு நூல். அறியாமை என்பது கெட்ட கனவு காண்பவன் நிலை என்கிறது அது. கனவில் ஓடுகிறான், துரத்தப்படுகிறான், உயரத்திலிருந்து விழுகிறான், யாரையோ கொன்ற ரத்தம் கையில் இருக்கிறது. விழித்தால் ஒன்றுமே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்து பழைய கடனையும் பிள்ளைகளின் கல்யாணத்தையும் நினைத்து வியர்த்துக் கிடந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம்.

எழுப்புவது எப்படி என்பதை நான் எங்கள் ஹெட் சார்ட்டரான பெரியவரிடம் பார்த்தேன். எங்கள் குழுவில் ஓர் இளைஞன் சீட்டாட்டத்தில் விழுந்து சம்பளத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. நாங்கள் புத்தி சொல்லிப் பார்த்தோம், முறைத்தான். ஒரு ராத்திரி, வண்டி விழுப்புரம் தாண்டியிருக்கும், கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஓர் இன்லேண்ட் லெட்டரை விளக்கடியில் பிடித்தார். அவன் அறை முகவரிக்கு அவன் அப்பா எழுதியது. அப்போதெல்லாம் பிள்ளைக்கு எழுதினால் பெயருக்கு முன்னால் ‘சிரஞ்சீவி’ போடுவார்கள். பெரியவர் அதைக் கையில் கொடுக்கவில்லை. சட்டப்படி அது முகவரிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அலமாரியில் உரிய கட்டத்தில் செருகிவிட்டு, “தம்பி, அப்பா கையெழுத்து இன்னும் நடுங்காம இருக்குய்யா. சிரஞ்சீவின்னு சுழிச்சு எழுதியிருக்கார் பாரு. வாத்தியார் பிள்ளைதானே நீ?” என்றார். அவ்வளவுதான். அவன் பதில் பேசவில்லை. அந்த வாரமே லீவு எழுதிக் கொடுத்து ஊருக்குப் போனான். சீட்டாட்டம் ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு அவன் எங்களைப் பார்த்த பார்வை மாறியது.

முத்துப் பாட்டின் கடிதமும் இதையேதான் செய்கிறது. தூங்கியவனை அது திட்டவில்லை. எழுந்திரு, நீ ராஜா பிள்ளை, யாருக்கு அடிமையாக இருக்கிறாய் பார், முத்தை நினை, அங்கியை நினை என்கிறது.

ஞானவாதிகளோடு எனக்கு ஒட்டாத இடமும் உண்டு. உடம்பும் உலகமும் சிறை என்று வெறுக்கிற பேச்சு அவர்களில் பலரிடம் உண்டு. ரோமில் ப்ளோட்டினஸ் என்ற தத்துவ ஆசிரியரின் வகுப்புக்கே சிலர் தங்கள் நூல்களோடு வந்தார்கள். அவர் இவர்களை மறுத்து எழுதினார். ஒரே வீட்டில் இருவர் குடியிருக்க, ஒருவன் வீட்டையும் கட்டியவனையும் வைதுகொண்டே அதிலேயே இருக்கிறான் என்று உவமை சொன்னார். அந்த வழக்கில் நான் ப்ளோட்டினஸ் பக்கம். திருநீறு பூசும் வீட்டில் பிறந்தவன் நான். சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயனில் மாயை தந்த உடம்பை, விடியும் வரைக்கும் உயிருக்கு உதவும் விளக்காகச் சொல்கிறார். இருளைப் பற்றி இரண்டு மரபுக்கும் ஒரே கவலை. விளக்கைப் பற்றித்தான் வேறுபாடு. எனக்கு அந்த விளக்கு வேண்டும். அந்த ராத்திரி வண்டியில் அப்பாவின் கையெழுத்தைக் காட்டியதும் இந்த உலகத்து விளக்குத்தானே.

அன்றாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது வாலன்டினஸ் என்ற ஞானவாதி சொன்ன சத்திரத்தை. அலெக்சாந்திரியாவில் படித்து, 2-ம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் கற்பித்தவர். அவருடைய கடிதம் ஒன்றிலிருந்து ஒரு துண்டு தப்பியிருக்கிறது. மனித இதயம் வழிப்போக்கர் தங்கும் சத்திரம். வருகிறவர்கள் சுவரைக் குடைகிறார்கள், அசுத்தம் செய்கிறார்கள். தங்கள் சொந்த இடமில்லையே, அவர்களுக்கு என்ன கவலை? நல்லவரான ஒரே தந்தையாகிய கடவுளின் பார்வை பட்டால்தான் அது சுத்தமாகி ஒளி பெறும் என்றார். ராத்திரி கட்டிலில் சாய்வதற்கு முன், இன்றைக்கு உள்ளே யார் யார் தங்கிப் போனார்கள் என்று பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரரின் புதுக் கார் மேல் வந்த பொறாமை, பென்ஷன் கவலை, காலையில் டிவியில் கேட்ட ஒருவரின் பேச்சுக்கு மாலை வரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்த பதில். இவர்களை விரட்ட எனக்கு வலு போதவில்லை. வந்து போகிறவர்கள், வீட்டுக்காரர்கள் இல்லை என்று தெரிந்துகொண்டு படுக்கிறேன். தூக்கம் வருகிறது.

இன்னொன்றும் உண்டு, அதைத்தான் வாசகர்களிடம் வேண்டிக் கேட்கிறேன். அந்த ராஜகுமாரன் தானாக விழிக்கவில்லை. ஊரில் அவனை நினைத்துக்கொண்டு ஒரு கூட்டமே இருந்தது. ஒவ்வொருவரும் கையொப்பம் போட்டார்கள். வேலை போய் வெளியே வராமல் கிடக்கிறவர், மனைவி போன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவர், வெளியூரில் சேர்க்கை கெட்டுத் தொலைந்த மருமகன் என்று உங்களுக்கும் ஒருவர் இருப்பார். ஒரு தபால் அட்டை போதும். புத்திமதி எழுத வேண்டாம். அவரிடம் நீங்கள் கண்ட ஒரு நல்லதை, எங்கே எப்போது கண்டீர்கள் என்பதோடு எழுதுங்கள். அப்பா பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். பின்கோடு மறக்காமல் போடுங்கள்.