உடைய வேண்டியது எது

கியர் ஆயில் நெடி கையில் ஏறினால் லேசில் போகாது. சோப்பு போட்டாலும் சீயக்காய் போட்டாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். கந்தகம் கலந்த எண்ணெய் அது. க்ரௌன் வீலின் பல்லும் பினியனின் பல்லும் அழுத்திக்கொண்டே வழுக்குகிற இடத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துபோகும். இரும்பை இரும்பு கடிக்காமல் அங்கே காப்பது கந்தகச் சேர்மானம்தான். கொலராடோவில், சங்ககிரி அண்ணனின் கராஜில், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலிருந்து கழற்றி வந்த பின் ஆக்ஸிலின் மூடியை நெம்பித் திறந்தேன். கறுத்த எண்ணெய் தட்டில் இறங்க இறங்க, போடிநாயக்கனூர்ப் பட்டறை வாசலுக்கே போய்விட்டேன்.

அப்பா ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டினார். விடியுமுன் போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்புவார். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. அது தார் ரோடு. தார் முடிந்து தோட்டத்துக்குள் பிரிகிற பாதைதான் ஜீப்பைத் தின்னும். மழையில் உருண்டு வந்த பாறை, குறுக்கே ஓடும் வேர், டயரை விழுங்கும் செம்மண் சேறு. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். பின்னாலிருந்து வரும் முனகலைக் கேட்டே வண்டி எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

அவர் சீட்டுக்கு அடியில், கிழிந்த வேட்டித் துணியில் சுற்றிய கிராஸ் ஒன்று எப்போதும் இருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் நான்கு கையோடு உட்கார்ந்திருக்கும் சிறு உருப்படி அது. "டேய், மலையில ஓடுற வண்டில எதாச்சும் ஒண்ணு உடையத்தான் செய்யும். எது உடையணும்னு நாமதான் பாத்து வைக்கணும்" என்பார். கிராஸ் போனால் பின் ஷாஃப்ட்டை அவிழ்த்து உள்ளே போட்டுவிட்டு, முன் சக்கர இழுவையிலேயே வீடு வந்து சேரலாம். உள்ளே க்ரௌன் பல் போனாலோ, ஹவுசிங் வளைந்தாலோ அந்தக் காட்டில் என்ன செய்ய முடியும்?

என்னிடம் இருப்பது 1996-இல் வந்த ஜீப் செரோக்கி. எக்ஸ்ஜே என்று இங்கே எல்லோரும் அழைக்கும் பெட்டி வடிவ வண்டி. 1984 முதல் 2001 வரை அமெரிக்காவில் விற்றது. நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். அதன் உழைப்பைப் பற்றிக் குறை சொல்பவரை நான் பார்த்ததில்லை. பின்னால் இருந்தது டானா 35 ஆக்ஸில். கம்பெனியிலிருந்து வந்த சிறிய டயரில், ஊருக்குள் ஓட அது போதும். அதை அந்த வேலைக்குத்தான் செய்தார்கள். 33 அங்குல டயரை மாட்டி, யூட்டாவின் மோவாப் பக்கம் பாறைப் படிகளில் ஏற நினைக்கிறபோதுதான் கணக்கு மாறுகிறது.

அந்தக் கணக்கை அண்ணன் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். இன்ஜினின் முறுக்கு விசை சுமார் 300 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முதல் கியர் 2.8 மடங்கு. டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டால் 2.72 மடங்கு. ஆக்ஸிலில் 3.55. மூன்றையும் பெருக்கினால் 27. இன்ஜினில் 300 ஆகக் கிளம்புவது பின்னால் வந்து சேரும்போது எட்டாயிரத்தைத் தொடுகிறது. ஒரு சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று பாறையைக் கவ்வும் அந்த நொடியில் இவ்வளவும் ஒரே ஷாஃப்ட்டின் தலையில் இறங்கலாம். டானா 35-இன் ஷாஃப்ட் 30 மில்லிமீட்டர் தடிமன், 27 பல். அதற்குப் பதிலாக மாட்டவிருந்த எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்ஸிலில் இருப்பது 33.5 மில்லிமீட்டர், 31 பல். மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 40 சதவீதம் கூடிவிடுகிறது.

ஷாஃப்ட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு ஹவுசிங்கைப் பற்றிப் பேச வேண்டும். வண்டியின் பாரம், குதிப்பு, பக்கவாட்டு இடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் பல்லையும் ஷாஃப்ட்டையும் நூல் பிசகாமல் நேராக வைத்திருப்பது அதுதான். குழாய் ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் ஷாஃப்ட் கோணலாக ஓடி ஆயில் சீலைத் தின்னும். எண்ணெய் கசிந்து பிரேக்கில் இறங்கும். பேரிங் சூடாகும். எங்கே தொடங்கியது என்று தெரியாமல் சீலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். போடிப் பட்டறையில் வண்டி வந்ததும் மேஸ்திரி முதலில் பார்ப்பது பின் டயரின் தேய்மானத்தைத்தான். பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வேறெதையும் கேட்க மாட்டார், ஹவுசிங் வளைந்திருக்கிறது என்பார். கழற்றி இரண்டு கட்டைமேல் ஏற்றி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் கட்டுவார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நூலை ஒட்டிப் பார்ப்பார். பிறகு சங்கிலியும் ஜாக்கியும் கேஸ் நெருப்பும். குழாய் சிவந்து வரும்போது ஜாக்கியை ஒரு திருகு. ஆறவிட்டு மறுபடி நூல். அந்தப் பொறுமையை நான் எந்தப் படிப்பிலும் பார்த்ததில்லை.

எக்ஸ்ப்ளோரரின் ஆக்ஸில் குழாய் மூன்றேகால் அங்குல விட்டம். டானா 35-இன் குழாய் இரண்டரைக்குச் சற்று மேல். கையால் வளைத்துப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். க்ரௌன் வீல் 7.58 அங்குலத்திலிருந்து 8.8-க்குப் போகிறது. 1995-க்குப் பிந்தியதில் டிஸ்க் பிரேக்கும் கூடவே வருகிறது. ஐந்து போல்ட், நாலரை அங்குல வட்டம் — சக்கரத் துளை இரண்டுக்கும் ஒன்று. ஒரு கம்பெனி சாலை வண்டிக்கென்று செய்த ஆக்ஸில், இன்னொரு கம்பெனியின் காட்டு வண்டிக்கு இவ்வளவு பொருந்திப் போவதை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

காயலாங்கடையில் அதைத் தேடிப் போன நாளும் நினைவிருக்கிறது. நாமே ஸ்பானர் எடுத்துப் போய் நாமே கழற்றிக்கொள்ளும் கடை. வரிசை வரிசையாக எக்ஸ்ப்ளோரர்கள், டயர் இல்லாமல். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் ஆக்ஸில் என்ற இடத்தில் டி4 என்றிருந்தால் 3.73 விகிதம், லிமிடெட் ஸ்லிப் வகை. டிஃபரன்ஷியல் மூடியில் தொங்கும் தகர வில்லையில் அதையே 3எல்73 என்று அடித்திருப்பார்கள். துருவைச் சுரண்டிவிட்டு அந்த எழுத்தைப் படிக்க வேண்டும்.

எக்ஸ்ப்ளோரர் இவ்வளவு மலிந்ததற்கு 2009-உம் ஒரு காரணம். அந்தக் கோடையில் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி வாங்குபவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. ஆறே முக்கால் லட்சம் வண்டிகள் வந்து விழுந்தன. வந்ததில் முதலிடம் நான்கு சக்கர இழுவை எக்ஸ்ப்ளோரருக்கு. அந்த இன்ஜின்கள் திரும்ப ஓடக் கூடாது என்பது சட்டம். ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைக் கொல்கிற வேலை. புகையைக் குறைக்கச் செய்தார்கள், புரிகிறது. என்னால் பார்க்க முடிந்திருக்காது. பின் ஆக்ஸிலைத் தனி உருப்படியாகக் கழற்றி விற்கலாம் என்று சட்டத்தில் இடம் வைத்தார்களே, அதற்காக யாரோ ஒரு நல்ல மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அண்ணனின் அப்பாவுக்கு லாரி. சங்ககிரியில் பிறந்தவருக்கு ஆக்ஸில் என்றாலே லாரி ஆக்ஸில்தான். அதில் பாரம் முழுவதும் ஹப் வழியாக ஹவுசிங்கில் உட்கார்ந்துவிடும். ஷாஃப்ட்டுக்குத் திருப்புகிற வேலை மட்டுமே. நடுவழியில் ஷாஃப்ட் முறிந்தால் லாரி தன் சக்கரத்திலேயே நிற்கும். கிளீனர் ஹப் போல்ட்டை அவிழ்த்து, ஷாஃப்ட்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊருக்கு பஸ் ஏறுவான். எங்கள் 8.8 அப்படியில்லை. பாரமும் முறுக்கும் ஷாஃப்ட்டின்மேலேயே. சி வடிவத்தில் ஒரு சின்ன வளையம்தான் ஷாஃப்ட்டை உள்ளே பிடித்து நிறுத்துகிறது. ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே நடந்து வந்துவிடும்.

"பாரத்தைத் தாங்க ஹவுசிங் இருக்கோணும், திருப்ப ஷாஃப்ட் இருக்கோணும் தம்பி. ரெண்டையும் ஒருத்தன் தலைல கட்டுனா எப்பிடி?"

"லாரி ஆக்ஸில் வெயிட்டுண்ணா. நடுக்குடம் தொங்கித் தொங்கிப் பாறையில இடிக்கும்."

"அது செரி. ஆனா எனக்கு மனசு ஒப்பல, பாத்துக்க."

ஒப்பாத மனசோடுதான் அந்த வேலையை எனக்காக அவ்வளவு சுத்தமாகச் செய்தார். நடுக்குடம் வார்ப்பிரும்பு, குழாய் எஃகு. கம்பெனியில் குழாயை அழுத்திச் செருகி, துளை வழியாகப் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்திருப்பார்கள். கடும் முறுக்கில் குழாய் குடத்துக்குள் சுழன்றுவிட வாய்ப்பு உண்டு. அதனால் சுற்றிலும் வெல்டிங் போட வேண்டும். வார்ப்பிரும்பில் அவசரப்பட்டால் விரிசல் விடும். கேஸ் நெருப்பால் குடத்தைக் குளிர் நீங்கச் சூடாக்கினார். நிக்கல் ராடு. ஓர் அங்குலத்துக்கு வெல்டிங், உடனே சின்னச் சுத்தியலால் தட்டு, பிறகு எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம். ஒரே பக்கம் போட்டுக்கொண்டே போனால் சூடு குழாயை அந்தப் பக்கம் இழுத்துவிடும். "ஆறட்டும், கைய வெக்காத" என்று கண்ணாடி இழைப் போர்வையைச் சுற்றி மூடிவிட்டு டீ போடப் போய்விட்டார். அந்த இடைவெளியில் நான் நைலான் நூலை எடுத்து முனைக்கு முனை கட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். நூலும் குழாயும் ஒத்துப் போயின. மேஸ்திரி பக்கத்தில் இருந்திருந்தால் இன்னொரு முறை பார் என்றிருப்பார். இன்னொரு முறை பார்த்தேன்.

எக்ஸ்ப்ளோரரில் ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே போகும், செரோக்கியில் மேலே. பட்டை உட்காரும் பழைய இருக்கைகளை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அதில் கோணம்தான் உயிர். பினியன் முனை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிமிர வேண்டும். முழுக்க நேராகவும் வைக்கக் கூடாது, ஓரிரு பாகை தாழ வேண்டும். ஏனென்றால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் பட்டை முறுகிப் பினியன் தானே மேலே எழும். இருக்கைகளை வெல்டிங் போடாமல் வெறுமனே வைத்து, யூ-போல்ட் மாட்டி, வண்டியின் பாரத்தை இறக்கி, கோணம் பார்த்துப் பொட்டு வைத்து, மறுபடி கழற்றி முழு வெல்டிங். இதில் குறுக்கு வழி தேடுகிறவர் கிராஸைத் தின்னக் கொடுப்பார்.

பழைய ஸ்பீடு சென்சார் துளையை அடைத்தோம். குழாயின் மேல் பிரேக் லைனைப் பிடிக்கும் போல்ட் ஒன்று உண்டு. அது உள்ளே பொள்ளல். ஆக்ஸில் மூச்சுவிடும் வழி அதுதான். அதில் மண் அடைத்திருந்தால், சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்பாவின் ஜீப்பில் மழைக்காலத்துக்குப் பிறகு ஆயிலைத் திறந்தால் மோர் மாதிரி வெளுத்து வரும். அப்போதெல்லாம் அவர் முதலில் தேடுவது மூச்சுக்குழாயைத்தான். கம்பி விட்டுக் குத்தி, வாயால் ஊதிப் பார்ப்பார். நானும் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன்.

இதற்கெல்லாம் முன்பே செய்துவிட்ட வேலை ஒன்று உண்டு. செரோக்கியில் பின் ஷாஃப்ட்டின் முனை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நேரே செருகியிருக்கும். ஷாஃப்ட்டை உருவினால் எண்ணெய் கொட்டிவிடும். அப்பா செய்தது போல அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓட்டி வர முடியாது. அந்த முனையை மாற்றி, போல்ட் போட்டு முடுக்கும் வகைக்கு வந்தேன். கேட்பவர்களுக்கு ஷாஃப்ட் கோணத்துக்காக என்று சொல்வேன். கோணமும் காரணம்தான். வீடு வந்து சேரும் வழி எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

ஆக்ஸில் ஏறிய பிறகு அண்ணன் ஷாஃப்ட்டுக்குப் பெரிய கிராஸ் போடச் சொன்னார். இவ்வளவு செய்துவிட்டு அதை ஏன் சின்னதாக விட வேண்டும் என்பது அவர் வாதம். நான் பழைய அளவையே வைத்துக்கொண்டேன். ஆக்ஸிலுக்கு வலுவை ஏற்றியது அது ஒருநாளும் உடையாது என்ற நம்பிக்கையில் அல்ல. உடைவதை வெளியே, கைக்கு எட்டும் இடத்துக்குத் தள்ளி வைக்கத்தான். டூல்ஸ் பெட்டியில் இரண்டு கிராஸ், நாலைந்து சர்க்ளிப், அதைக் கழற்றும் இடுக்கி, கப்பைத் தட்டி இறக்க ஒரு சாக்கெட், ஒரு சுத்தியல். பாறைமேல் நின்றபடியே மாற்றிவிடலாம்.

முன் ஆக்ஸிலை மாற்றும் பேச்சை அண்ணன் இப்போதே எடுக்கிறார். முன்பக்க ஷாஃப்ட்டிலும் சக்கரத்தை ஒட்டி ஒரு கிராஸ் இருக்கிறது. அதற்கும் இரண்டு வாங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.